மரக்காலும் மனச்சாட்சியும்

எங்கள் ஊர்க் களத்தில் நெல் அளப்பதற்கென்றே ஒரு கிழவர் இருந்தார். மரக்காலை ஒரு வீச்சில் அம்பாரத்துக்குள் செலுத்தி, மறு வீச்சில் சாக்கில் கவிழ்ப்பார். முதல் மரக்காலுக்கு 'ஒன்று' என்று சொல்ல மாட்டார், 'லாபம்' என்பார். பிறகு 'ரெண்டு', 'மூணு' என்று ராகம் போட்டுக்கொண்டே போவார். அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு களத்து மேட்டில் உட்கார்ந்திருப்பது சிறு வயதில் எனக்குப் பெரிய உற்சவமாக இருந்தது.

ஒரு நாள் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். குத்தகை நெல்லை அளந்து வாங்கும்போது மரக்காலின் தலையில் நெல் கோபுரமாகக் குவிந்து நின்றது. அறுப்பு ஆட்களுக்குக் கூலி நெல் அளக்கும்போதோ, கிழவருடைய உள்ளங்கை மரக்காலின் விளிம்பைத் தடவி, தலையைத் தட்டிவிட்டுப் போயிற்று. மரக்கால் ஒன்றுதான். கையும் ஒன்றுதான்.

"தாத்தா, இது மட்டும் ஏன் குறைச்சலா இருக்கு?" என்று கேட்டுவிட்டேன்.

கிழவர் கோபித்துக்கொள்ளவில்லை. "குறைச்சல் எங்கே தம்பி? மரக்கால் நிறைஞ்சுதானே இருக்கு?" என்றார்.

அவர் சொன்னது பொய் இல்லை. அதுதான் என்னை அன்று வாயடைக்கச் செய்தது.

அந்தக் கிழவரை நான் மறந்தே போயிருந்தேன். சமீபத்தில் இரண்டு இங்கிலீஷ் புத்தகங்களை அடுத்தடுத்துப் படித்தபோது அவர் மறுபடியும் மரக்காலோடு வந்து என் எதிரே நின்றுவிட்டார். இரண்டும் விஞ்ஞானிகள் எப்படி அளக்கிறார்கள், எப்படி மதிப்பிடுகிறார்கள் என்பதைப் பற்றியவை. ஒன்று, கென் ஆல்டர் என்ற சரித்திர ஆசிரியர் 2002-ல் வெளியிட்ட 'தி மெஷர் ஆஃப் ஆல் திங்ஸ்'. மற்றது, ஸ்டீபன் ஜே கூல்ட் 1981-ல் எழுதிய 'தி மிஸ்மெஷர் ஆஃப் மேன்'. முன்னது மண்ணை அளந்த கதை. பின்னது மனிதனை அளந்த கதை. கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இந்த விஞ்ஞான விவகாரம் எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. அது எனக்குப் பெருமை தருகிற காரணம் அல்ல. ஆகையால் கடைசியில் சொல்கிறேன்.

ஆல்டருடைய புத்தகம் மீட்டர் பிறந்த கதையைச் சொல்கிறது. பிரெஞ்சுப் புரட்சிக்கு முன்னால் அந்தத் தேசத்தில் ஊருக்கு ஓர் அளவை, பண்டத்துக்கு ஓர் அளவை. பெயர்களாக எண்ணினால் ஏறக்குறைய 800. ஆனால் ஒரே பெயரில் வெவ்வேறு அளவுகள் இருந்ததால், உண்மையில் 2,50,000 வரை இருக்கலாம் என்று ஆல்டர் கணக்குச் சொல்கிறார். எங்கள் களத்து மேட்டுத் தகராறும் அங்கே இருந்தது. நிலச்சுவான்தார் தானியத்தைக் குவித்து அளந்து வாங்கினார். குடியானவன் தலை தட்டி அளக்கச் சொன்னான். அதைப் படித்தபோது, கடல் தாண்டிக் கிடந்த ஒரு கிராமம் சட்டென்று எனக்கு அடுத்த தெருவாகிவிட்டது.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க விரும்பிய பாரிஸ் விஞ்ஞானிகள், எந்த ராஜாவின் கையையும் காலையும் நம்பாமல், பூமியையே அளவுகோலாகக் கொள்ளத் தீர்மானித்தார்கள். வட துருவத்திலிருந்து பூமத்திய ரேகை வரை உள்ள தூரத்தில் ஒரு கோடியில் ஒரு பங்கு ஒரு மீட்டர். யாருக்கும் சொந்தமில்லாத அளவு. ஆகவே எல்லோருக்கும் சொந்தமான அளவு. 1792-ல் தெலாம்பர், மெஷேன் என்ற இரண்டு வானசாஸ்திரிகள் புறப்பட்டார்கள். வடக்கே டன்கர்க்கிலிருந்து தெலாம்பரும், தெற்கே பார்சலோனாவிலிருந்து மெஷேனும் முக்கோணம் முக்கோணமாக அளந்துகொண்டு வந்து ரோதேஸ் என்னும் ஊரில் சந்திக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஒரு வருஷத்தில் முடியும் என்று எண்ணிய வேலை. ஏழு வருஷம் ஆயிற்று.

நடுவில் புரட்சி, யுத்தம், சிறை. கோபுரத்தின் மேல் ஏறித் தொலைநோக்கி வைத்துப் பார்க்கிறவனை ஜனங்கள் ஒற்றன் என்றுதானே நினைப்பார்கள்? தெலாம்பரை ஊர்க்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். அவர் ஒரு சதுக்கத்தில் தம் கருவிகளைப் பரப்பி வைத்து, கோபத்தோடு நின்ற கூட்டத்துக்குப் பூமியை அளக்கும் சாஸ்திரத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்ய நேர்ந்தது. இந்தக் கட்டத்தை ஆல்டர் எழுதியிருக்கும் விதத்தைக் கண்டு நாவலாசிரியன் பொறாமைப்படலாம்.

ஆனால் புத்தகத்தின் உயிர் மெஷேனிடம் இருக்கிறது. மெஷேன் பார்சலோனாவை அடுத்த மோன்ஜூயிக் குன்றிலிருந்து நட்சத்திரங்களைப் பார்த்து, அந்த இடத்தின் அட்சரேகையைக் கணித்தார். மறு வருஷம் யுத்தம் மூண்டதால் குன்றுக்குப் போக முடியவில்லை. ஊருக்குள் தாம் தங்கியிருந்த விடுதியிலிருந்து மறுபடியும் கணித்தார். இரண்டு இடங்களுக்கும் உள்ள தூரத்தை அளந்து, கழித்துப் பார்த்தார். பொருந்தவில்லை. சுமார் 3 விகலை உதைத்தது. பாகையை 3,600 பங்காக்கினால் அதில் ஒரு பங்கு ஒரு விகலை. தரையில் அந்த 3 விகலை ஏறக்குறைய 100 மீட்டர் ஆகும்.

மெஷேன் கவனக்குறைவானவர் அல்ல. அவரைப் போலத் துல்லியமாக அளந்தவர்கள் அந்தக் காலத்தில் அபூர்வம். அதுவேதான் அவருக்குச் சத்துருவாயிற்று. தாம் எங்கோ பிசகிவிட்டதாக நம்பினார். வெளியே சொல்ல வெட்கப்பட்டார். குறிப்புகளைத் திருத்தி, உறுத்தும் எண்களை ஒதுக்கி, பார்ப்பவர்கள் மெச்சும்படி அழகாக எழுதிக் கொடுத்தார். 1799-ல் பிளாட்டினத்தில் மீட்டர் செய்து வைத்தார்கள். எல்லோரும் புகழ்ந்தார்கள். புகழ்ச்சி ஒவ்வொன்றும் அவருக்கு முள்ளாகக் குத்தியிருக்க வேண்டும். மறுபடியும் ஸ்பெயினுக்குப் போய், அளவையை இன்னும் தெற்கே நீட்டுவதாகச் சொல்லிப் புறப்பட்டவர், 1804-ல் அங்கேயே காய்ச்சலில் இறந்து போனார்.

காகிதங்கள் தெலாம்பரின் கைக்கு வந்தன. அப்போதுதான் அவருக்கு விஷயம் தெரிந்தது. தெலாம்பர் என்ன செய்தார்? இறந்த நண்பரைச் சந்தியில் நிறுத்தவும் இல்லை. காகிதங்களை நெருப்பில் போடவும் இல்லை. எந்த எண் எங்கே மாறியது என்று ஓரத்தில் தம் கையால் குறித்து, பாரிஸ் வானாராய்ச்சிக் கூடத்தில் பத்திரப்படுத்தினார். அந்தக் காகிதங்கள்தாம் இரண்டு நூற்றாண்டுகள் கழித்து ஆல்டருக்கு இந்தப் புத்தகத்தைக் கொடுத்தன.

இதில் ஒரு சோகம் இருக்கிறது. மெஷேன் செய்தது பிழையே அல்ல என்று சொல்லலாம். ஒரே அளவையைப் பல தடவை எடுத்தால் எண்கள் ஒன்றோடொன்று ஒட்டி வருவது வேறு. அந்த எண்கள் உண்மையோடு ஒட்டுவது வேறு. கருவியே ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால், ஆயிரம் தடவை அளந்தாலும் ஆயிரமும் ஒரே பக்கம்தான் சாயும். இந்தப் பேதம் அந்த நாளில் தெளிவாக வகுக்கப்படவில்லை. மெஷேன் இறந்த மறு வருஷம், 1805-ல், லெஜாந்தர் என்ற கணித மேதை, ஒத்துவராத அளவைகளை ஒருசேர வைத்துப் பிழையைப் பகிர்ந்து கொடுக்கும் முறையை வெளியிட்டார். அந்த முறைக்கு அவர் உதாரணமாக எடுத்துக்கொண்டதே இந்த மீட்டர் அளவைதான்! தாம் பாவம் என்று மறைத்தது விஞ்ஞானத்தில் சாதாரணச் சம்பவம் என்று மெஷேனுக்கு யாரும் சொல்லவில்லை.

ஆல்டரிடம் எனக்கு ஒரு குறை உண்டு. மறைந்திருந்த ஒரு பிழை உலகத்தையே மாற்றிவிட்டதாக அட்டையில் தமுக்கு அடித்திருக்கிறார்கள். உள்ளே படித்தால் அப்படி இல்லை. மீட்டர் இருக்க வேண்டியதைவிட 0.2 மில்லி மீட்டர் குட்டையாகப் போனது உண்மைதான். ஆனால் அதற்கு முக்கிய காரணம் மெஷேனுடைய ரகசியம் அல்ல. பூமி துருவங்களில் எவ்வளவு தட்டையாக இருக்கிறது என்று அவர்கள் வைத்துக்கொண்ட கணக்கு. பூமி அவர்கள் நினைத்த அளவு ஒழுங்கான உருவம் அல்ல. ஆல்டரும் இதை மறைக்கவில்லை. இருந்தாலும், ஒரு மனிதனுடைய மனக்குமைச்சலே ஒரு புத்தகத்துக்குப் போதுமான விஷயம் என்று நம்பாமல், உலகத்தையும் துணைக்கு அழைத்திருக்க வேண்டாம்.

நம் பக்கத்திலும் இப்படிப் பூமியை அளந்தவர் ஒருவர் உண்டு. லாம்டன் என்ற ராணுவ அதிகாரி 1802-ல் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து வேலையைத் தொடங்கினார். பனையும் தென்னையும் அடர்ந்த சமவெளியில் பார்வை எட்ட வேண்டுமே! கோயில் கோபுரங்களின் மேல் ஏறினார். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலில், அரை டன் கனமுள்ள கோணமானியைக் கயிறு கட்டி மேலே இழுத்தபோது, அது விமானத்தின் மேல் மோதி வட்டத் தகடு நெளிந்து போயிற்று. லாம்டன் ஊருக்குப் போய் எண்களைக் கற்பனை செய்யவில்லை. வாரக்கணக்கில் உட்கார்ந்து தகட்டை அங்குலம் அங்குலமாக நிமிர்த்தினார். கருவி கோணியது என்று எல்லோருக்கும் தெரிந்தால் அதை நிமிர்த்திவிடலாம். மெஷேன் விஷயத்தில் கோணியது எது என்று யாருக்கும் தெரியவில்லை. அதுதான் அவரைக் கொன்றது.

இனி கூல்டின் புத்தகம். கூல்ட் ஹார்வர்ட் சர்வகலாசாலையில் ஆதிகாலப் பிராணிகளைப் பற்றி ஆராய்ந்தவர், 2002-ல் காலமானார். எளிமையாகவும் சூடாகவும் எழுதக்கூடியவர். மண்டையோட்டின் கொள்ளளவையும் பரீட்சை மதிப்பெண்ணையும் வைத்து மனித இனங்களை மேல் கீழ் என்று வரிசைப்படுத்திய நூறு வருஷத்துச் சரித்திரத்தை அவர் இந்தப் புத்தகத்தில் குற்றக்கூண்டில் ஏற்றுகிறார்.

அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் மார்ட்டன் என்ற வைத்தியர் இருந்தார். 1851-ல் அவர் இறக்கும்போது அவரிடம் சுமார் ஆயிரம் மண்டையோடுகள் இருந்தன. ஓட்டுக்குள் விதைகளை நிரப்பி, அவற்றைக் கொட்டி அளந்து, மூளையின் கொள்ளளவைக் கணக்கிட்டார். பிறகு விதை சரிப்படவில்லை என்று ஈயக் குண்டுகளுக்கு மாறினார். வெள்ளையர் முதலிடம், கறுப்பர் கடைசி என்று அவருடைய அட்டவணை சொல்லிற்று. கூல்ட் அந்த அட்டவணைகளை மறுபடி கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு ஒரு சந்தேகத்தை எழுப்பினார். மார்ட்டன் அயோக்கியர் அல்ல. ஆனால் தமக்குப் பிடித்த ஓட்டில் விதையைக் குலுக்கி அமுக்கி நிரப்பியிருக்கலாம், பிடிக்காத ஓட்டில் லேசாக விட்டிருக்கலாம், தம்மை அறியாமலே.

இந்த இடத்தில்தான் எங்கள் ஊர்க் கிழவர் என் எதிரே வந்து நின்றார்.

கதை இதோடு முடிந்திருந்தால் எவ்வளவு திருப்தியாக இருந்திருக்கும்! முடியவில்லை. 2011-ல் சில ஆராய்ச்சியாளர்கள் அந்த ஓடுகளில் சுமார் 300-ஐ எடுத்து உண்மையாகவே அளந்து பார்த்தார்கள். மார்ட்டனுடைய எண்கள் பெரும்பாலும் சரியாக இருந்தன. இருந்த சில பிழைகளும் அவருடைய துவேஷத்துக்குச் சாதகமான பக்கம் சாயவில்லை. கூல்டின் கணக்கில்தான் பிசகு இருந்தது என்றார்கள். கூல்ட் ஓர் ஓட்டைக்கூடக் கையில் எடுத்து அளக்கவில்லை. அச்சிட்ட அட்டவணைகளை வைத்துக்கொண்டே தீர்ப்புச் சொல்லியிருந்தார். மனசில் இருப்பதுதான் கையில் வரும் என்று பிறருக்குச் சொன்னவர் தாமே அதற்கு உதாரணமாகிவிட்டார்!

இதற்காகப் புத்தகத்தைத் தூக்கி எறிய வேண்டுமா? மாட்டேன். அதற்கு 2018-ல் வெளியான இன்னோர் ஆராய்ச்சி உதவுகிறது. மார்ட்டனுடைய காலத்திலேயே, ஜெர்மனியில் டீடெமான் என்பவர் தினையைக் கொட்டி மண்டையோடுகளை அளந்தார். அவருக்குக் கிடைத்த எண்களும் மார்ட்டனுடைய எண்களும் பெரிய வித்தியாசம் இல்லாதவை. ஆனால் டீடெமான் ஒவ்வோர் இனத்துக்குள்ளேயும் இருக்கும் பெரிய ஏற்றத்தாழ்வைப் பார்த்தார்; இனத்துக்கு இனம் பேதம் கிடையாது, அடிமை முறைக்கு நியாயம் கிடையாது என்று 1836-ல் எழுதினார். மார்ட்டனோ சராசரியைப் பார்த்தார், படிக்கட்டுக் கட்டினார். கோணல் விதையில் இல்லை. விதையைக் கொட்டிய பிறகு எதைக் கேட்பது என்பதில் இருந்தது. கூல்ட் தவறான இடத்தில் சரியான திருடனைத் தேடினார் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

புத்தகத்தின் பிற்பாதி இன்னும் உறுதியானது. 1905-ல் பாரிஸில் பினே என்பவர், படிப்பில் பின்தங்கும் குழந்தைகளைக் கண்டுபிடித்து உதவி செய்வதற்காக ஒரு பரீட்சை வகுத்தார். அந்த எண்ணைக் குழந்தையின் தலையெழுத்தாக நினைத்துவிடக் கூடாது என்று எச்சரிக்கவும் செய்தார். சில வருஷங்களுக்குள் அமெரிக்காவில் அது தலையெழுத்தாகவே ஆகிவிட்டது. முதல் உலக யுத்தத்தின்போது பதினேழு லட்சத்துக்கு மேற்பட்ட சிப்பாய்களுக்குப் பரீட்சை வைத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் படப் பரீட்சை: வலை இல்லாத டென்னிஸ் மைதானத்தைக் காட்டி, இதில் என்ன குறைகிறது என்று கேட்டார்கள். வாழ்நாளில் டென்னிஸ் ஆட்டத்தைக் கண்ணால் பார்த்திராத ஏழைக் குடியேறி என்ன சொல்வான்? அவனுக்கு மூளை குறைவு என்று எழுதிக்கொண்டார்கள். இந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு நான் புத்தகத்தை மூடி வைத்துச் சிறிது நேரம் சும்மா இருந்தேன்.

இரண்டையும் ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டுமானால், ஆல்டருடையது உயர்ந்த இலக்கியம். கூல்டினுடையது அவசியமான வழக்கு. ஆல்டர் பிழை செய்தவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு எழுதுகிறார். கூல்ட் எதிர்க் கட்சி வக்கீலாக நின்று பேசுகிறார். வக்கீலுக்கு எதிரியின் மனசுக்குள் போய்ப் பார்க்க நேரம் இல்லை. போயிருந்தால் ஓடுகளையும் ஒரு தடவை அளந்து பார்த்திருப்பார்.

இவற்றைப் படித்த பின் ஒரு கேள்வி எழுந்தது. எண்கள் எல்லாம் ஒரே ஜாதிதானா? 1946-ல் ஸ்டீவன்ஸ் என்ற மனோதத்துவ ஆசிரியர் இதற்கு நல்ல விடை சொல்லியிருக்கிறார். சில எண்கள் வெறும் பெயர். பந்தாட்டக்காரன் முதுகில் உள்ள எண் மாதிரி. சில எண்கள் வரிசை மட்டும் சொல்லும். சில எண்களில் இடைவெளி சமமாக இருக்கும். சிலவற்றைத்தான் இரட்டிப்பு, பாதி என்று பேசலாம். 40 டிகிரி வெயில் 20 டிகிரியைப் போல இரண்டு மடங்கு உஷ்ணம் அல்ல. கனிகளின் கடினத்துக்கு 1812-ல் மோஸ் என்பவர் போட்ட வரிசையில் வைரத்துக்கு 10; மாணிக்கமும் நீலமும் சேர்ந்த குருந்தத்துக்கு 9. ஒரு படிதானே குறைவு என்று நினைக்கக் கூடாது. நேரடியாக அளந்தால் வைரம் பல மடங்கு கடினம். எது எதைக் கீறும் என்று மட்டுமே அந்த வரிசை சொல்லும். கேட்டதற்கு மேல் அது வாய் திறப்பதில்லை.

சின்ன எண்ணும் பெரிய உபகாரம் செய்யும். வர்ஜீனியா ஆப்கார் என்ற அமெரிக்க டாக்டர் அம்மாள், பிறந்த குழந்தையின் நாடித் துடிப்பு, மூச்சு, தசையின் முறுக்கு, தொட்டால் சிணுங்குகிறதா என்பது, நிறம் என்ற ஐந்துக்கும் 0, 1, 2 என்று மதிப்பெண் போடும் முறையை 1953-ல் வெளியிட்டார். மொத்தம் 10. நுட்பமான அளவை அல்ல. ஆனால் அழாமல் கிடக்கும் குழந்தையை ஓரமாக விட்டுவிடாமல், உடனே கவனிக்கும்படி அது டாக்டர்களையும் நர்ஸுகளையும் கட்டாயப்படுத்தியது. அந்த எண் குழந்தையின் வருங்காலத்தைப் பற்றி ஜோசியம் சொல்வதற்காக ஏற்பட்டதல்ல. அடுத்த நிமிஷம் என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறது.

விஞ்ஞானிகளையே அளக்கும் எண்ணும் வந்துவிட்டது. ஒருவர் எழுதிய கட்டுரைகளைப் பிறர் எத்தனை தடவை மேற்கோள் காட்டினார்கள் என்பதை வைத்து 2005-ல் ஹிர்ஷ் என்ற பௌதிக விஞ்ஞானி ஓர் எண் வகுத்தார். ஒருவருடைய 20 கட்டுரைகள் ஒவ்வொன்றும் 20 தடவையாவது மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருக்கு 20. சுலபம்தான். ஆனால் உயிரியலில் மேற்கோள்கள் மழையாகப் பொழியும், கணிதத்தில் தூறல்தான். கணித மேதையையும் உயிரியல் அறிஞரையும் இந்த ஒரே மரக்காலில் அளந்தால், ஒருவருக்குக் குவித்தும் ஒருவருக்குத் தட்டியும் அளந்த கதைதான். அளவைக்கே சம்பளமும் பதவியும் கிடைக்கும் என்றாகிவிட்டால், மனிதர்கள் வேலையை விட்டு அளவையைப் பெருக்கப் புறப்பட்டுவிடுவார்கள் என்பதும் தெரிந்ததே.

விஞ்ஞானத்தின் பேரில் எனக்கு மதிப்பு கூடியது வேறோர் இடத்தில். ஈர்ப்பு அலைகளைத் தேடிய கூட்டத்தார் தங்களுக்குத் தாங்களே ஒரு பொறி வைத்துக்கொண்டார்கள். சிலர் மட்டும் ரகசியமாகக் கருவிக்குள் பொய்ச் சமிக்ஞை ஒன்றைச் செலுத்தலாம். செலுத்தினார்களா இல்லையா என்பது மற்றவர்களுக்குத் தெரியாது. 2010 செப்டம்பரில் ஒரு சமிக்ஞை வந்தது. மாதக்கணக்கில் உழைத்து, கட்டுரையும் எழுதி முடித்து, 2011 மார்ச்சில் ரகசிய உறையைப் பிரித்தார்கள். பொய்ச் சமிக்ஞை! உண்மையான அலை 2015 செப்டம்பர் 14-ந் தேதி வந்தபோது அந்தப் பயிற்சி அவர்களுக்குத் துணை நின்றது. 'நாம் ஆசைப்படுகிறவர்கள், ஆகையால் ஏமாறக்கூடியவர்கள்' என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு வேலையை ஆரம்பிப்பது லேசான காரியமா? மெஷேனுக்கு அப்படி ஓர் உறை, அப்படி ஒரு கூட்டம் வாய்க்கவில்லை.

இனி, நான் ஒத்திப்போட்ட காரணத்தைச் சொல்ல வேண்டும்.

பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு பத்திரிகை நடத்திய நாவல் போட்டிக்கு நானும் ஒரு நடுவனாக இருந்தேன். கையெழுத்துப் பிரதிகளில் பெயர் இல்லை, எண் மட்டும். கதைக்கோப்பு, பாத்திரப் படைப்பு, நடை, உரையாடல், கருத்து என்று ஐந்து கட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் 20 மதிப்பெண். எல்லாம் விஞ்ஞான ரீதியில் நடக்க வேண்டும் என்று ஆசிரியர் சொல்லியிருந்தார். 17-ம் எண் பிரதி ஒரு கிராமத்துத் தபால்காரரின் கதை. ஒரே மூச்சில் படித்தேன். இதற்குத்தான் பரிசு என்று மனசு அப்போதே சொல்லிவிட்டது. பிறகு தாளை எடுத்துக் கட்டங்களை நிரப்பினேன். கூட்டினால் 68 வந்தது. 9-ம் எண் பிரதிக்கோ 72. அது சீராக, தொய்வில்லாமல் எழுதப்பட்ட நாவல்.

நான் பேனாவை எடுத்தேன். தபால்காரருக்கு நடையில் 12 போட்டிருந்ததை 15 ஆக்கினேன். உரையாடலில் 13 போட்டிருந்ததை 16 ஆக்கினேன். இப்போது 74. மனசும் கணக்கும் ஒத்துப் போயின. தபால்காரர் பரிசு வாங்கினார்.

சில வாரங்கள் கழித்து 9-ம் எண் ஆசிரியர் எனக்குக் கடிதம் எழுதினார். இளைஞர். 'இரண்டு மதிப்பெண்ணில் பரிசு போயிற்று என்று அறிந்தேன். எதில் குறைந்தேன் என்று தாங்கள் தயவு செய்து சொன்னால் திருத்திக்கொள்வேன்' என்று மிகுந்த மரியாதையோடு கேட்டிருந்தார். நான் தாளைப் பார்த்தேன். பாத்திரப் படைப்பில் தபால்காரருக்கு 17, இவருக்கு 14. 'பாத்திரப் படைப்பில் மூன்று மதிப்பெண் குறைந்துவிட்டது. அதில் கவனம் செலுத்துங்கள்' என்று பதில் எழுதிவிட்டேன்.

நான் எழுதியது பொய் இல்லை. மரக்கால் நிறைந்துதான் இருந்தது.

மூன்று வருஷம் கழித்து அவர் ஒரு புதிய நாவலின் பிரதியை எனக்கு அனுப்பினார். பாத்திரங்கள் ஒவ்வொன்றையும் தலை முதல் கால் வரை வர்ணித்திருந்தார். குணத்துக்கு ஒரு பக்கம், குலத்துக்கு ஒரு பக்கம். பழைய நாவலில் இருந்த ஓட்டம் இதில் மருந்துக்கும் இல்லை. என்னுடைய 'மூன்று மதிப்பெண்'ணை அவர் மூன்று வருஷம் சுமந்திருக்கிறார் என்று தெரிந்தது. அதன் பிறகு அவர் பெயரை நான் எந்தப் பத்திரிகையிலும் காணவில்லை. எல்லாம் என்னால்தான் என்று சொல்லிக்கொள்வதும் ஒரு வகை அகம்பாவம். மனிதர்கள் எழுதாமல் போவதற்கு ஆயிரம் காரணங்கள் உண்டு. ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் என்னிடம் இருந்தது: 'தம்பி, உங்கள் நாவலில் குற்றம் ஒன்றும் இல்லை. இன்னொரு நாவல் என் மனசைப் பிடித்துக்கொண்டது. அதற்காக எண்ணைத் திருத்தினேன்.' இந்த மூன்று வாக்கியங்களை எழுத அன்று எனக்குத் துணிச்சல் வரவில்லை.

மனசு சொன்னதைக் கேட்டது தவறு என்று இன்றும் நான் எண்ணவில்லை. ரசனைக்கு மனசைவிட நல்ல கருவி கிடையாது. மனசின் தீர்ப்புக்குக் கணக்கின் சட்டையை மாட்டி அனுப்பியதுதான் தவறு. வெறும் அபிப்பிராயத்தோடு யாரும் சண்டை போடலாம். எண்ணோடு எப்படிச் சண்டை போடுவது? அந்த இளைஞர் போடவில்லை. நம்பிவிட்டார்.

ஆகவே, இலக்கிய விமரிசனத்துக்கு விஞ்ஞான ரீதியான அளவுகோல் வேண்டும் என்று யாராவது சொன்னால் நான் இப்போது மறுப்பதில்லை. விஞ்ஞானத்திடமிருந்து நாம் கடன் வாங்க வேண்டியது எண்ணை அல்ல என்று மட்டும் சொல்கிறேன். தெலாம்பர் காகிதங்களைப் பத்திரப்படுத்தினாரே, அந்த வழக்கத்தைக் கடன் வாங்கலாம். திருத்தியிருந்தால், திருத்தியதை ஓரத்தில் குறித்து வைக்கலாம். குவித்து அளந்தேனா, தட்டி அளந்தேனா என்பதை வாங்குகிறவனிடம் சொல்லிவிடலாம்.

அந்த நடுவர் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. 12 அடிக்கப்பட்டு 15. 13 அடிக்கப்பட்டு 16. இதுவரை அதை யாரிடமும் காட்டியதில்லை. 9-ம் எண் நாவலின் ஆசிரியர் எங்கேயாவது இருந்து இதைப் படித்தால், அவருக்குச் சேர வேண்டிய பதில் இதுதான். தாமதமாக வருகிறது.